வண்டியோடு போன அடுக்களை

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் சாமான் ஏற்றும் கணக்கு, மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. ராணுவ அதிகாரி ராண்டால்ஃப் மார்சி மேற்கே குடிபெயர்வோருக்காக எழுதிய 'தி ப்ரெய்ரி டிராவலர்' என்ற கையேடு 1859இல் வெளிவந்தது. மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிஃபோர்னியா போய்ச் சேர 110 நாளைக்கு ஆளுக்கு 150 பவுண்டு மாவு, 25 பவுண்டு பன்றி இறைச்சி, 15 பவுண்டு காப்பிக்கொட்டை, 25 பவுண்டு சர்க்கரை வேண்டும் என்கிறது அது. மீதி இறைச்சிக்கு மாடுகளை உயிரோடு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். வெயில் கடுமையான பகுதிகளில் பன்றி இறைச்சியைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிடு அடைத்தால் கொழுப்பு உருகி வீணாவது குறையும் என்ற யோசனையும் அதில் உண்டு. பாரம் கூடினால் இழுக்கும் மாடுகள் தளர்ந்துவிடும். குறைந்தாலோ ஆட்கள் பட்டினி கிடக்க நேரும். கடைகள் மிக அரிதாக இருந்த பாதைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்பட்டது.

சமையலுக்கென்றே ஒரு வண்டியை அமைத்த பெருமை டெக்சாஸ் மாட்டுப்பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட்டைச் சேரும். மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் செல்வோருக்குச் சோறு போட, 1866இல் அவர் பழைய ராணுவ வண்டி ஒன்றை மாற்றியமைத்தார். வண்டியின் பின்புறம் இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட ஒரு மரப்பெட்டி. அதன் கதவைக் கீழே இறக்கிக் காலை முட்டுக்கொடுத்தால் அதுவே சமையல் மேசை. பக்கவாட்டில் ஏறக்குறைய இரண்டு நாளுக்குத் தாங்கும் தண்ணீர்ப் பீப்பாய். வண்டியின் அடியில் தொட்டில் போலக் கட்டிய மாட்டுத்தோலில் விறகோ, விறகு கிடைக்காத புல்வெளியில் உலர்ந்த சாணமோ கிடக்கும். பீன்ஸ், உப்பிட்ட பன்றி இறைச்சி, மாவு, காப்பி என்று உணவு எளியதுதான். ரொட்டிக்கான புளித்த மாவுதான் சமையல்காரரின் பெரும் செல்வம். குளிர் இரவுகளில் அந்த மாவு செத்துப்போகாமல் இருக்க, ஜாடியைத் தம் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்களும் உண்டு. காப்பியில் ஒரு பெரிய வசதி 1860களில் வந்தது. ஜான் ஆர்பக்கிள் வறுத்த கொட்டைக்கு முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சுக் கொடுத்து, மணம் போகாமல் பொட்டலத்தில் விற்றார். பச்சைக் கொட்டையை வாணலியில் வறுத்துக் கருக்கும் வேலை ஒழிந்தது. பிற்கால ஆர்.வி.களின் வெளிப்புறச் சமையல் பெட்டிகளைப் பார்த்தால் குட்நைட்டின் அமைப்பு எவ்வளவு நீடித்தது என்பது விளங்கும்.

கார் வந்தபின் பாரம் மாட்டுக்குப் பதில் டயரின் கவலையாயிற்று. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், காரோடு கூடாரமடித்துத் தங்கிய பயணிகள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கார் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த தகர டப்பாதான் சங்கத்தின் அடையாளம். அவர்களது உணவும் பெரும்பாலும் டப்பாவில்தான் இருந்தது. பனிக்கட்டி இல்லாமலே பல வாரம் கெடாது. உணவையும் கையோடு கொண்டுவந்தவர்களால் உள்ளூர் வியாபாரிகளுக்குக் கிடைத்தது சொற்பம். இலவசமாக முகாமிடம் திறந்துவைத்த நகராட்சிகள் பல 1920களின் நடுவில் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. கான்சஸின் விச்சிட்டா நகரிலிருந்த கோல்மன் நிறுவனம் பெட்டிபோல் மடியும் பெட்ரோல் அடுப்பை 1923இல் கொண்டுவந்ததும், விறகு தேடும் வேலையும் போயிற்று. ஹென்றி ஃபோர்டு, எடிசன், ஃபயர்ஸ்டோன் மூவரும் சென்ற முகாம் பயணங்களில் தனிச் சமையல் லாரியும் சமையல்காரர்களும் கூடவே போனது வேறு உலகம். சாதாரணக் குடும்பத்தின் பயணத்தை எளிதாக்கியவை டப்பாவும் அடுப்பும்தான்.

புதிய பாலும் இறைச்சியும் நெடும்பயணத்துக்கு ஒத்துவர இன்னொரு கண்டுபிடிப்பு வேண்டியிருந்தது. 1922இல் ஸ்டாக்ஹோம் மாணவர்கள் பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்சும், மோட்டார் இல்லாமல் வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் பெட்டியை உருவாக்கினார்கள். எரிவாயுச் சுடரே அதற்குப் போதும். மின்கம்பி எட்டாத இடத்திலும் ஓடும். வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவ ஓட்டம் தடைபடும் என்பதால், அதை வைத்திருந்தவர்கள் முகாமில் முதலில் வண்டியைச் சமமாக நிறுத்தப் பழகினார்கள். தண்ணீரும் வண்டிக்குள் இடம்பிடித்தது. 1936இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற வீட்டு வண்டி தன் தண்ணீரைத் தானே சுமந்தது. அதுவும் பாரமே: ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. நல்ல தண்ணீர், கழுவிய தண்ணீர், கழிப்பறைக் கழிவு என மூன்று தொட்டிகள் பின்னாளில் வழக்கமாயின.

1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய கே.ஓ.ஏ. முகாம் வெந்நீர்க் குளியலறையோடு ஒரு கடையையும் வைத்தது. வழியெங்கும் இத்தகைய முகாம்களும் பேரங்காடிகளும் பெருகியபின் மாதக்கணக்குச் சாமான் தேவையில்லை; ஓரிரு நாளுக்கு வாங்கினால் போதும் என்றாயிற்று. ஆனாலும் அரிசோனாவின் குவார்ட்சைட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசுப் பாலைநிலத்தில் குளிர்காலம் முழுவதும் தங்குவோர் பழைய கணக்கையே போடுகிறார்கள். அங்கே வண்டிக்கு வண்டி குழாயோ மின்சாரமோ கிடையாது; தண்ணீர் நிரப்பவும் கழிவை இறக்கவும் பொது இடத்துக்குத்தான் போக வேண்டும். சமையலும் குளியலும் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பொறுத்தே நடக்கின்றன.