செயற்கை இதயத் திட்டம் (அமெரிக்கா)

மனித இதயத்துக்கு மாற்றாகவோ துணையாகவோ இயங்கும் கருவியை உருவாக்க அமெரிக்க அரசு 1964-இல் தொடங்கிய ஆய்வு நிதித் திட்டம். தேசிய சுகாதார நிறுவனங்களில் ஒன்றான தேசிய இதய நிறுவனம் இதை நடத்தியது. அந்நிறுவனத்தின் இன்றைய பெயர் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனம். உயிர்மருத்துவப் பொறியியலுக்கு அரசு பணம் தரும் முறை அந்நாட்டில் எப்படியெல்லாம் மாறியது என்பதை இத்திட்டத்தின் வரலாற்றில் காணலாம்.

முன்வரலாறு

நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயைக் கொண்டு சிறுநீரகக் கருவி செய்தவர் வில்லெம் கோல்ஃப். அவர் அமெரிக்காவில் குடியேறி, 1957 டிசம்பரில் கிளீவ்லாந்து மருத்துவமனையில் டெட்சுசோ அகுட்சுவுடன் சேர்ந்து, பி.வி.சி. இதயம் ஒன்றை நாய்க்குப் பொருத்தினார். நாய் சுமார் 90 நிமிடம் உயிரோடிருந்தது.

ஒப்பந்தக் காலம் (1964–1973)

ஹூஸ்டன் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி 1963-இல் நாடாளுமன்றக் குழுமுன் செயற்கை இதயத்துக்காக வாதாடினார். மறு ஆண்டே திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நிலவில் மனிதனை இறக்கும் பணி மும்முரமாக நடந்த காலம் அது. நாள் குறித்து, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தால் எந்தக் கருவியையும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை மருத்துவத்துக்கும் தொற்றியது. இலக்கு ஆண்டு 1970. அவ்வாண்டின் காதலர் தினத்தையே கெடுவாக வைத்திருந்ததாகப் பிற்காலக் குறிப்புகள் சில கூறும்.

திட்டத்தின் புதுமை பணம் தந்த முறையில் இருந்தது. அதுவரை வழக்கத்திலிருந்த நல்கை முறையில் ஆய்வாளரே கேள்வியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிப்பார். சக அறிஞர்கள் மதிப்பிடுவார்கள். ஒப்பந்த முறையில் என்ன வேண்டும் என்பதை அரசே வரையறுத்து விலைப்புள்ளி கோரும். விண்வெளி, பாதுகாப்புத் துறைகளுக்கு இது பழகிய வழி. மருத்துவ ஆய்வாளர்களுக்குப் புதிது. இதயம் பற்றிய அடிப்படை அறிவே இன்னும் போதவில்லை என்று கருதிய சுகாதார நிறுவனங்களின் இயக்குநர் ஜேம்ஸ் ஷானன், முழு இதயத்துக்கு அவசரம் காட்டத் தயங்கினார். துணைக் கருவிகளுக்கும் பொருள் ஆய்வுக்கும் கூடுதல் இடம் கிடைத்ததற்கு அவரது தயக்கமும் ஒரு காரணம்.

பொருள் ஆய்வில் கிடைத்த பலன்களில் ஒன்றைத் தனியே குறிப்பிடலாம். குருதி உறையாமலும் கோடிக்கணக்கான துடிப்புகளுக்குக் கிழியாமலும் தாங்கும் சவ்வு தேவைப்பட்டது. சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஜான் போரெட்டோஸும் வில்லியம் பியர்ஸும் 1967-இல் அதற்கு ஒரு வகைப் பாலியூரித்தேனை முன்வைத்தனர். பெண்களின் இடுப்பிறுக்கு உடைக்கு மீள்நூல் தந்த வேதியியலின் உறவுதான் அது. பிந்தைய செயற்கை இதயங்கள் பலவற்றின் உள்சுவர் இந்தக் குடும்பத்துப் பொருளே.

ஆற்றல் மூலத்தில் இரு அரசுத் துறைகள் மோதின. புளூட்டோனியம்-238 தரும் வெப்பத்தில் ஓடும் இதயத்தை அணுசக்தி ஆணையமும் 1967 முதல் விரும்பியது. கூட்டாகச் செய்யும் பேச்சு ஒத்துவராமல் போக, இரண்டும் தனித்தனியே பணம் செலவிட்டன. இதய நிறுவனம் அமைத்த மதிப்பீட்டுக் குழு 1973-இல் அறிக்கை தந்தது. சட்டம், அறநெறி, பொருளியல் அறிந்தோரும் இடம்பெற்ற அக்குழு, நோயாளியை மட்டுமன்றி அவரோடு வாழ்பவரையும் கதிர்வீச்சு தாக்குமே என்று கவலைப்பட்டு, அணுசக்தி இதயத்தை மனிதருக்குப் பொருத்துவதை ஆதரிக்கவில்லை. அம்முயற்சி 1970-களோடு முடிந்தது.

இதற்கிடையே 1969 ஏப்ரல் 4 அன்று அறுவை மருத்துவர் டென்டன் கூலி, ஹாஸ்கெல் கார்ப் என்ற நோயாளிக்கு முதல் முழுச் செயற்கை இதயத்தைப் பொருத்தினார். 64 மணி நேரம் அது இயங்கியது. பிறகு மாற்று இதயம் பொருத்தப்பட்டும் கார்ப் பிழைக்கவில்லை. அந்தக் கருவி தமது ஆய்வகத்தில் அரசு நிதியில் உருவானது என்றார் டிபேக்கி. டொமிங்கோ லியோட்டாவுடன் தனியார் பணத்தில் வேறாகச் செய்தது என்றார் கூலி. இதில் எது சரி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இருவரும் 2007 வரை பேசிக்கொள்ளவில்லை.

திசைமாற்றம்

1970-களில் நிதியின் பெரும்பகுதி இடது கீழறைத் துணைக் கருவிகளுக்குத் திரும்பியது. ஆயினும் முழு இதய முயற்சி நிற்கவில்லை. 1982 டிசம்பரில் யூட்டாவில் பார்னி கிளார்க் என்ற நோயாளிக்குப் பொருத்திய ஜார்விக்-7 என்ற முழுச் செயற்கை இதயம் அவரை 112 நாள் வாழவைத்தது. அதன் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தது வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. இயக்கிய காற்றழுத்தப் பொறியோ கட்டிலருகிலேயே நிற்க வேண்டிய அளவு பெரிது.

1988

1988 ஜனவரியில் முழு இதயத்துக்காக நான்கு குழுக்களுக்கு 2 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தங்கள் தரப்பட்டன. மே மாதமே இதய நிறுவனத்தின் இயக்குநர் கிளாட் லான்ஃபான் அவற்றை ரத்து செய்வதாக அறிவித்தார். பணத்தைத் துணைக் கருவிகளுக்குச் செலவிடுவது மேல் என்பது அவர் வாதம். நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் முழு இதயத்தை டிராகுலாவுக்கு ஒப்பிட்டு அந்த முடிவை வரவேற்றது. ஒப்பந்தம் பெற்றிருந்த குழுக்கள் இயங்கிய மாசசூசெட்ஸ், யூட்டா மாநிலங்களின் செனட்டர்களான எட்வர்ட் கென்னடியும் ஆரின் ஹேட்சும் நெருக்க, ஜூலையில் ஒப்பந்தங்கள் திரும்ப வந்தன. இதை அறிவியலில் அரசியல் தலையீடு என்போரும், கொடுத்த வாக்கைக் காக்கச் செய்தது என்போரும் உளர்.

பிற்காலம்

அந்த ஒப்பந்தங்களுள் ஒன்றைப் பெற்ற அபியோமெட் நிறுவனத்தின் அபியோகார் என்ற முழு இதயம் 2001 ஜூலையில் லூயிவில்லில் பொருத்தப்பட்டது. அரசு ஆதரவுடன் 129 நோயாளிகளிடம் நடந்த ரீமேட்ச் ஆய்வின் முடிவும் அவ்வாண்டே வந்தது: துணைக் கருவி பெற்றவர்களில் ஓராண்டு பிழைத்தோர் 52%, மருந்து மட்டும் பெற்றவர்களில் 25%. முதலில் பக்கக்கிளையாக இருந்ததே திட்டத்தின் பெரும் பயனாயிற்று.

2000 டிசம்பரில் உயிர்மருத்துவப் படிமவியலுக்கும் உயிர்ப்பொறியியலுக்கும் தனித் தேசிய நிறுவனம் சட்டப்படி உருவானது. அதற்குமுன் பொறியாளர்கள் உறுப்புவாரி, நோய்வாரி நிறுவனங்களின் கதவுகளையே தட்ட வேண்டியிருந்தது.

காந்த விசையில் மிதந்து சுழலும் ஒரே உருளியுடைய பைவாகோர் இதயம் 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இதன் மேம்பாட்டுக்கு ஆஸ்திரேலிய அரசும் நிதி தருகிறது. அமெரிக்காவிலோ பணம் தரும் முறையை மாற்ற மீண்டும் முயன்றார்கள்: 2025 பிப்ரவரியில் சுகாதார நிறுவனங்கள் தம் நல்கைகளின் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 15% உச்சவரம்பு அறிவித்தன. கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது.