நாமக்கல் கல்வெட்டும் காணாமல் போகும் பி.டி.எஃப். கோப்பும்

புராஜெக்ட் எழுதுகிறவர்கள் பலர் இப்போது ஸோட்டெரோ, ஜாப்ரெஃப் போன்ற மென்பொருட்களில்தான் நூற்பட்டியலைச் சேர்த்து வைக்கிறார்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் பதிந்து, கூடவே அதன் பி.டி.எஃப். கோப்புக்கு ஒரு இணைப்பும் கொடுத்துவிடலாம். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும், கோப்பைக் காணவில்லை என்று வந்து நிற்கும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும். பதிவில் எழுதிய வழிதான் பழசாகியிருக்கும்.

இது கணினியோடு வந்த தலைவலி என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

நாமக்கல் மலையில் அரங்கநாதர் குடைவரையில் அதியர் குலத்துக் குணசீலனின் கல்வெட்டு உள்ளது. சுமார் 8-ஆம் நூற்றாண்டு என்பார்கள். அந்தக் கோயிலை அது அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று குறிக்கிறது. அன்றிலிருந்து கல்லும் எழுத்தும் அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் நாமக்கல் முதலில் சேலம் மாவட்டம். இடையில் சில காலம் திருச்சி மாவட்டம். மறுபடி சேலம். 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். ஓசூர் கதையும் இதுதான். சேலத்தில் இருந்தது, 1965-இல் தர்மபுரிக்குப் போனது, 2004-இல் கிருஷ்ணகிரிக்குப் போனது.

இதனால் என்ன என்று கேட்கலாம். ராபர்ட் சீவெல் 1882-இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியல் மாவட்டம், தாலுகா, ஊர் என்ற வரிசையில்தான் அமைந்தது. 1919-இல் வந்த ரங்காச்சாரியாவின் கல்வெட்டுப் பட்டியலும் மாவட்ட வாரியாகத்தான் இருக்கிறது. 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டில் இன்றைய நாமக்கல் மாவட்டத்து ஊர்கள் சேலத்து ஊர்களாகத்தான் வரும். நாமக்கல் மாவட்டம் என்று மட்டும் தேடினால் இவை கண்ணில் படாது. நம் ஊருக்கு வரலாறே இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிடத் தோன்றும். இழப்பு நமக்குத்தான்.

இதிலிருந்து தப்பிக்கும் வழியும் அந்தக் காலத்திலேயே இருந்தது. 1886-இல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக ஹுல்ஷ் நியமிக்கப்பட்டார். அவர் தொடங்கிய ஆண்டறிக்கைகளின் வழியாக, கல்வெட்டைப் படியெடுத்த ஆண்டு, அந்த ஆண்டின் வரிசை எண் என்று சுட்டும் பழக்கம் நிலைத்தது. ஊரும் மாவட்டமும் கூடுதல் விவரம்தான், அடையாளம் அந்த எண். பின்னாளில் அலுவலகம் உதகமண்டலம் போய், 1966-இல் மைசூருக்கும் மாறியது. எண்கள் மாறவில்லை. இன்றைய ஆய்வாளரும் அதே எண்ணைத்தான் குறிப்பிடுகிறார்.

காமர்ஸ் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். நாளேட்டில் பேரேட்டுப் பக்க எண் எழுதுகிறோம். புதுப் பேரேடு போட்டால் பக்க எண் மாறிவிடும். வவுச்சர் எண் மாறாது. முதலாவது இருப்பிடம், இரண்டாவது அடையாளம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஸோட்டெரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையம் ஒன்றில் உருவானது. அதன் சர்வரில் இலவசமாகக் கிடைப்பது 300 எம்.பி. மட்டுமே. ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் நாலைந்திலேயே அது நிரம்பிவிடலாம். அதனால்தான் பலர் கோப்பை வெளியே வைத்து இணைப்பு மட்டும் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

1. எல்லாக் கோப்புகளையும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் வையுங்கள். செட்டிங்கில் அதை அடிப்படை ஃபோல்டராகக் காட்டுங்கள். பிறகு டிரைவ் பெயரிலிருந்து தொடங்கும் முழு வழிக்குப் பதில், அந்த ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் வழி மட்டும் பதிவாகும். புதுக் கணினியில் ஃபோல்டரை நகலெடுத்து, அங்கே அடிப்படை எது என்று ஒருமுறை சொன்னால் எல்லா இணைப்பும் வேலை செய்யும்.

2. கோப்புக்கு "ஸ்கேன்-1" என்று பெயர் வைக்காமல் "சீவெல்-1882" என்று வையுங்கள். இணைப்பு அறுந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம். பெயரை மாற்றுவதாக இருந்தால் மென்பொருளுக்குள்ளிருந்தே மாற்றுங்கள்.

3. கல்வெட்டுக்கு ஆண்டறிக்கை எண்ணையும், பழைய மாவட்டம், புதிய மாவட்டம் இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள்.

மாவட்டங்கள் இன்னும் பிரியலாம், கணினிகளும் மாறத்தான் போகின்றன. நமக்குப் பின்னால் நாமக்கல்லைப் பற்றி எழுத வருகிற மாணவருக்கு நம் குறிப்பு வழி காட்ட வேண்டும் என்றால், அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தனித்தனியே எழுதி வைப்போம்.