சங்ககிரிக் கோட்டையும் தரித்த பெயரும்



ஆடிப்பெருக்கு நாளன்று சங்ககிரிக்குச் சென்றிருந்தேன். சேலத்திலிருந்து ஈரோட்டுக்குச் செல்வோர் தொலைவிலேயே காணும் மலை அது. சங்கினைப் போன்ற தோற்றத்தால் அப்பெயர் பெற்றது என்பர். அடிவாரத்திலிருந்து மதில்களும் வாயில்களும் அடுக்கடுக்காக மேலேறிச் செல்கின்றன. விஜயநகர ஆட்சியில் எழுந்த இக்கோட்டை பின்னர் மைசூராரிடம் இருந்தது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு வந்தது. 1805ஆம் ஆண்டு தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது இங்கேதான். அவரை நினைவுகூரவே ஆண்டுதோறும் ஆடி 18 அன்று மக்கள் இங்குக் கூடுகின்றனர்.

கூட்டத்தில் சின்னமலையாக வேடமிட்ட ஒரு சிறுவனைக் கண்டேன். தலைப்பாகை, அட்டையால் செய்த வாள், மையால் வரைந்த மீசை. முதல் வாயிலை அடையுமுன்னே வெயில் தாங்காமல் தலைப்பாகையைக் கழற்றித் தந்தையிடம் கொடுத்துவிட்டான். வியர்வையில் மீசை பாதி அழிந்துபோயிருந்தது. அருகிலிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன்.

மேலே ஏற ஏற அந்தச் சிரிப்பு அடங்கிற்று. சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. 1756இல் காங்கேயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் பிறந்தவர். மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை அவர் பறித்து ஏழைகளுக்கு வழங்கினாராம். பறித்தவன் யாரென்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள சின்னமலை என்று சொல்லும்படி பணித்தாராம். கொங்கு நாட்டார் இன்றும் சொல்லும் கதை இது. அப்படியானால் அப்பெயரும் ஒரு பொழுதுக்குத் தரித்த வேடம்போலவே தொடங்கிற்று. ஆயினும் அவர் அதைக் கழற்றவில்லை. திப்பு சுல்தானுக்குத் துணைநின்று போரிட்டார். 1799இல் திப்பு வீழ்ந்த பின்னும் ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கம்பெனிப் படையை எதிர்த்தார். போரில் பிடிபடாத அவரை, அவருக்கு உணவு சமைத்தவனே காட்டிக்கொடுத்தான் என்பர். ஒரே பந்தியில் உண்டவனால் காட்டிக்கொடுக்கப்பட்ட நம் ஆண்டவரை நினையாமல் இதை எப்படிக் கேட்பது? சின்னமலை என்னும் பெயரோடே அவர் இக்கோட்டைக்குள் வந்தார், அப்பெயரோடே மடிந்தார்.

ஞாயிறுதோறும் நான் வெள்ளை அங்கி அணிகிறேன். ஆராதனை முடிந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறேன். சென்ற மாதம் உதவி கேட்டு ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி என் பிள்ளையை அனுப்பினேன். மலைமேல் நின்றபோது அந்த வாசல்தான் என் கண்முன் வந்தது. அச்சிறுவனாவது வெயிலுக்காகக் கழற்றினான். நான் என் வசதிக்காகக் கழற்றினேன்.

பிரியமானவர்களே, ஞானஸ்நானத்தில் நாம் ஒரு பெயரைத் தரித்தோம். கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளும்படி பவுல் எழுதியது திருநாளுக்கு மட்டுமான உடையைக் குறித்தன்று. திங்கட்கிழமையும் நம் மேல் இருக்கவேண்டிய உடையைக் குறித்தே.

இந்த வாரம் அம்மனிதரைத் தேடிச் செல்கிறேன். உடன் என் பிள்ளையையும் அழைத்துச் செல்கிறேன். எனக்காக ஜெபியுங்கள்.