முன்மாரியும் பின்மாரியும்: மட்டக்களப்பு வாவிக்கரையிற் கிறித்தவத் தேற்றுரையும் பருவகாலமும்

மட்டக்களப்பு வாவி ஒரு நாட்டை இரு கரைகளாக வகுத்து நிற்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டு நீண்டு கிடக்கும் மணற்றிடர் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே விரிந்து செல்லும் வயலும் காடும் படுவான்கரை எனப்படும். ஞாயிற்றின் போக்கைக் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் காலத்தையும் நிலத்தின் வழியாகவே அறிந்திருந்தனர் என்பதில் வியப்பில்லை. போரதீவுப்பற்றைச் சேர்ந்த பழுகாமம் இப் படுவான்கரையின் தொன்மையான ஊர்களுள் ஒன்றாகும். திரௌபதை அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூரின் ஆண்டு, வயலினாலும் கோயிலினாலும் அளக்கப்பட்டு வந்த ஆண்டாகும். கிறித்தவ சமய வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்வூரை முதலில் நினைப்பதில்லை. மெதடிஸ்த சபையினதும் கத்தோலிக்க சபையினதும் பழைய நிலையங்கள் பெரும்பாலும் புளியந்தீவு, கல்லாறு, கல்முனை என எழுவான்கரை வழியாகவே அமைந்தன. ஆயினும் எழுவான்கரையிற் குடியிருந்தோர் பலருக்கு வயல் இருந்தது படுவான்கரையிலேயாம். விதைப்புக்கும் காவலுக்கும் அறுவடைக்குமாக அவர்கள் ஓடமேறி வாவியைக் கடந்து, மாதக்கணக்கில் வாடிகளில் தங்கினர். தேவாலயம் ஒரு கரையிலும், அத்தேவாலயத்தில் வாசிக்கப்பட்ட உவமைகளின் வயல் மறு கரையிலுமாக அமைந்த இந்நிலைமை தனித்து நோக்கத்தக்கது.

துன்புற்றோரைத் தேற்றுதற்குக் கிறித்தவம் பெரிதும் கையாண்டு வந்த மொழி அன்றாட வாழ்வின் மொழியாகும். அதிலும் சிறப்பாக விதைப்பும் மழையும் அறுப்புமாகிய பருவங்களின் மொழியாகும். இம்மொழி மட்டக்களப்புக்கு இங்கிலாந்திலிருந்து வந்த போதகர் வாயிலாக வந்தது. ஆனால் அதனை விளக்கம் வேண்டாது விளங்கிக்கொள்ளத் தக்கவர்கள் போதகரிலும் பார்க்கப் படுவான்கரையின் வேளாளரே.

வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த முதற் குழுவினர் தோமஸ் கோக் என்பாரின் தலைமையில் 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். கோக் 1814 மே 3இற் கடலிலேயே இறந்தார். எஞ்சியோர் யூன் மாத இறுதியிற் காலித் துறையில் இறங்கி, தமக்குள் இடங்களைப் பகுத்துக்கொண்டனர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணம் சென்றனர். மட்டக்களப்பு வில்லியம் ஓல்ட் ஒருவருக்கே உரியதாயிற்று. அவருடைய மனைவியார் கப்பற் பயணத்தின்போதே காலமாகியிருந்தார். தனியராய் வந்து சேர்ந்த ஓல்ட், கிடைத்த சில மாதங்களிற் பாடசாலைகள் பலவற்றைத் தொடக்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை அந்த 1814ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. 1815 ஏப்ரலில் அவர் மறைந்தார். கோடையில் வந்து ஒரேயொரு மாரியையும் ஒரேயோர் அறுவடைக் காலத்தையும் கண்டு அடுத்த கோடை முற்றுமுன் மறைந்த வாழ்வு அது. தாம் பிறந்த நாட்டிற் பனி பொழியும் திங்களில் இங்கு வெள்ளம் பெருகுவதையும், அங்கு மொட்டு அரும்பும் திங்களில் இங்கு வைக்கோற்போர் எழுவதையும் முதன்முதலிற் கண்ட போதகர் அவராகலாம்.

மட்டக்களப்பின் வேளாண்மை ஆண்டைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாக வகுக்கும். வாவிக்கரை உழவனுக்கோ நடைமுறையிற் பொழுது இரண்டே: ஒன்று மாரி, மற்றொன்று கோடை. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசும், குளங்கள் வற்றும், வரவைகள் வெடிக்கும். புரட்டாதி, ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை வருமென்ற நம்பிக்கையிற் காய்ந்த புழுதியிலே நெல்லை வீசி விதைப்பர். நாற்று நடுகை இங்கு பெருவழக்கன்று. விதைத்தபின் செய்யக்கூடியது வானத்தைப் பார்த்திருப்பது ஒன்றே. மழை பிந்தினால் எறும்பும் பறவையும் விதையைத் தின்னும்; முந்திப் பெருகினால் முளை அழுகும். கார்த்திகை, மார்கழியில் மழை வலுக்க, முன்னைய ஆண்டின் நெல் வீட்டிற் குறையத் தொடங்கும். பயிர் பச்சென்று நிற்க, பானை வெறுமையாகும் காலம் அது. பயிர் கதிராகும் வேளையிற் பன்றியும் யானையும் வரும். பரணிலிருந்து இரவிரவாகக் காவல் காக்க வேண்டும். மாசி, பங்குனியில் அறுத்து உப்பட்டிகளாக்கிச் சூடு வைத்து, எருமைகளை விட்டு மிதிப்பித்துத் தூற்றிப் பொலியாக்கிய பின்னரே போடியாரும் முல்லைக்காரனும் நிமிர்ந்து மூச்சுவிடுவர். இவ்வேளாண்மையை விதைப்புக்கும் மழைக்கும் உள்ள தொடர்புகொண்டு முன்மாரி, பின்மாரி எனப் பகுத்து வழங்குவது மட்டக்களப்பின் பழைய வழக்காகும்.

தமிழ் விவிலியத்தைப் புரட்டுவோர் இதே இரு சொற்களையும் அங்குக் காண்பர். யாக்கோபின் நிருபம், துன்புறுவோரைப் பொறுமையாயிருக்கும்படி வேண்டுமிடத்து, நிலத்தின் விளைவுக்காக முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கும் பயிரிடுவோனை எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றது. யோவேலிலும் இச்சொற்கள் உண்டு. பவர் என்பாரின் தலைமையிலான குழுவினர் திருத்தி 1871இல் வெளியிட்ட பதிப்பின் வழியாக இவை தமிழ்ச் சபைகளெங்கும் பரவின. பலஸ்தீன நாட்டில் முன்மாரி ஏறத்தாழ ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் பெய்து உலர்ந்த நிலத்தை விதைப்புக்கு ஆயத்தமாக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலிற் பெய்து கதிரை முற்றச் செய்யும். இடையிலுள்ள கோடை முற்றாக வறண்டது. ஆகவே யாக்கோபு காட்டும் உழவன் நிற்பதும் படுவான்கரையின் உழவன் நிற்பதும் ஏறக்குறைய ஒரே திங்களில், ஒரே வானத்தை நோக்கியேயாம். ஆண்டு முழுவதும் தூறல் காணும் இங்கிலாந்தின் போதகருக்கு முன்மாரி என்பது அகராதி கொண்டு விளக்கவேண்டிய சொல். படுவான்கரையிலோ அது வரம்பில் நின்று நாளாந்தம் பேசப்பட்ட சொல்.

எனினும் ஒற்றுமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. பலஸ்தீனத்திற் பின்மாரி வாழ்த்து. மட்டக்களப்பிலோ தை, மாசியிற் பிந்திப் பெய்யும் பெருமழை, முற்றிய கதிரைச் சாய்த்து நெல்லை வயலிலேயே முளைக்கச் செய்யும் கேடாகும். அறுப்புக்காலத்து மழை பொருந்தாததென விவிலியத்தின் நீதிமொழிகளும் கூறுமாதலின், இக்கரைக் கேட்போருக்கு அந்நீதிமொழி எளிதிற் பொருள் தந்திருக்கும். பின்மாரி ஆசீர்வாதம் என்னும் இடந்தான் சிறிது உறுத்தியிருக்கும்.

தமிழிலக்கியம் பயின்றோருக்கு இங்கு வேறொன்றும் தோன்றாமலிராது. காத்திருத்தலைப் பருவத்தோடு பிணைத்தல் நமக்குப் புதிதன்று. முல்லைக்குப் பெரும்பொழுது கார், உரிப்பொருள் இருத்தல். கார் வந்தும் தலைவன் வாராதபோது, இது காரன்று, வம்பமாரி என்று தோழி தேற்றும் துறையும் உண்டு. அங்கு மழை முந்திவிடத் தலைவன் பிந்துகின்றான். யாக்கோபின் உழவனுக்கோ மழையே பிந்துகின்றது. தேற்றுவோர் இருவரும் பருவத்தையே சான்றாக அழைக்கின்றனர் என்ற அளவில் இரண்டும் ஒரு கிளையினவாகும்.

திருச்சபையின் ஆண்டு படுவான்கரையின் ஆண்டோடு பொருந்திய விதமும் ஆராய்தற்குரியது. ஐரோப்பாவில் நத்தார் பனியின் பண்டிகை. உயிர்ப்புப் பெருநாள் வசந்தத்தின் பண்டிகை. முட்டையும் மலரும் மொட்டும் அங்கு உயிர்ப்பின் அடையாளங்களாயின. மட்டக்களப்பில் நத்தார் வெள்ளத்துள் வருகின்றது. வாவி கரைமீறி, ஓடத்துறைகள் அடைபட்டு, நெல் அருகிப்போன திங்களிற் பிறப்பின் நற்செய்தி வாசிக்கப்பட்டது. அதற்கு மாறாக, நோன்பு நோற்கும் தபசு காலம் களத்திற் பொலி குவியும் மாசி, பங்குனியில் வந்தது. வயிறு நிறையும் வேளையில் உண்ணாதிருக்கப் பணித்த நாட்காட்டியை உழவர் எவ்வாறு ஏற்றனர் என்பது சுவையான வினாவேயாம். ஆனால் உயிர்ப்புப் பெருநாள் அறுவடையின் முடிவோடு வந்து சேர்கின்றமை ஐரோப்பிய வசந்தத்தினும் மூலத்துக்கு நெருக்கமானது. யூதரின் பாஸ்காப் பண்டிகை வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் வருவது. முதற் கதிர்க்கட்டைக் கோயிலிற் படைத்த அவ்வழக்கத்தை உளங்கொண்டே பவுல், உயிர்த்த கிறித்துவை முதற்பலன் என்றார். புதிர் எடுத்துத் தெய்வத்துக்குப் படைத்தபின் உண்ணும் மரபுடைய நாட்டில் இவ்வுருவகத்துக்கு உரை வேண்டுவதில்லை. இங்கிலாந்திற் கோண்வால் பகுதியின் மோர்வென்ஸ்ரோவில் ரொபேட் ஹோக்கர் என்னும் குரு 1843இல் தொடக்கிய தேவாலய அறுவடை விழா, அந்நாட்டுக்கேற்ப இலையுதிர் காலத்தில் நிகழ்வது. அதே திங்கள் இங்குப் புழுதியில் விதை வீசும் திங்களாகும். நாட்காட்டியை அப்படியே பெயர்த்து நடமுடியாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உவமைகளுக்கு வருவோம். விதைப்பவன் உவமையில் விதை வழியருகிலும் பாறையிலும் முள்ளிலும் விழுகின்றது. விதைப் பொறிகளும் வேலியிட்ட பெருவயல்களும் இங்கிலாந்தில் வழக்குக்கு வந்த நூற்றாண்டில், அங்கு இக்காட்சி பழங்கதையாகத் தொடங்கியிருந்தது. கைநிறைய அள்ளி வீசி விதைக்கும் படுவான்கரையில், வரம்பில் விழுந்த நெல்லைப் பறவை பொறுக்குவது ஒவ்வோர் ஐப்பசியும் கண்ட காட்சி. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்னும் மோசேயின் விதியும், தூற்றுக்கூடையும் பதரும் பற்றிய திருமுழுக்கு யோவானின் எச்சரிக்கையும் சூடுமிதிக்கும் களத்தில் நிற்போருக்குக் கண்முன்னைய செய்திகள். மண்ணில் விழுந்து சாகும் மணி மட்டும் தமிழ் விவிலியத்திற் கோதுமை மணியாகவே நிலைத்துவிட்டது. கோதுமை விளையாத நாட்டில் அதனைக் கேட்டோர் மனத்தில் நெல்லையே கண்டிருப்பர்.

இவ்வாறு தொழிலின் வழியாகச் சமயத்தைச் சொல்லும் முயற்சி தமிழகத்தில் இதற்கு முன்னரே வளம்பெற்றிருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கும்மி, தாலாட்டு, ஏற்றப்பாட்டு, குறவஞ்சி ஆகிய வடிவங்களையெல்லாம் கிறித்தவத்துக்கு உரியனவாக்கினார். மட்டக்களப்பில் அதற்கிணையான வடிவமாகக் களத்துப் பொலிப்பாட்டைச் சொல்லலாம். பிள்ளையாரையும் பூமாதேவியையும் விளித்து விளைவு பெருக வேண்டும் பாட்டு அது. களத்தில் வழமையான சொற்களையும் விலக்கி வேறு குறிச்சொற்களால் உரையாடுவர். கிறித்தவப் போடியாரின் களத்தில் வேலைசெய்தோருட் பெரும்பாலோர் சைவராகவே இருந்திருப்பராதலின், அவருடைய நெல்லும் அப்பாட்டோடுதான் குவிந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். இவ்வகை உறவை மிஷன் ஏடுகளிற் தேடுவோர் ஏமாற்றமடைவர்; வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற நூல்களே களத்தின் வாழ்வை நமக்குக் காட்டுவன.

பருவத்தின் மொழி எல்லார்க்கும் ஒரேவகையில் ஆறுதலாகவில்லை என்பதற்கும் மட்டக்களப்பு வரலாறு சான்று தருகின்றது. 1840களில் றல்ப் ஸ்டொட் போன்ற வெஸ்லியன் போதகர்கள் மட்டக்களப்புப் பகுதி வேடரிடையே பணிபுரிந்தனர். அரசின் உதவியோடு காடு வெட்டி, குடிசை அமைத்து, வேளாண்மை பழக்க முயன்ற செய்தியை எமெர்சன் ரெனன்ற் 1850இல் வெளியிட்ட தமது நூலிற் குறிப்பிடுகின்றார். வேட்டையும் தேனும் கொண்டு ஆண்டை அளந்த மக்களுக்கு, விதைத்துக் காத்திருத்தல் என்னும் உருவகத்தைக் கற்பிக்குமுன் விதைப்பையே கற்பிக்க வேண்டியதாயிற்று. ஸ்டொட் பின்னர் 1862இல் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றிருந்த இந்தியரிடையே பணியாற்றினார். இந்த வாவிக்கரையிற் பயின்ற தமிழ் அங்கு அவருக்குக் கைகொடுத்தது.

மாரி சென்றால் அறுப்பு வரும் என்பது தேற்றுரையின் ஒரு வகை. பருவம் தவறாது மீளும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. பருவமே பகையாகும்போது அது என்ன சொல்லும்? 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் ஒருசேர வீழ்த்தியது. பயிர் இளம்பயிராய் நின்ற திங்கள் அது. 2011 சனவரியிலும் பெப்ரவரியிலும் பெருகிய வெள்ளம் அறுவடையை எட்டிய நெல்லை அழித்தது. மனிதர் செய்த அழிவோ பருவத்துக்கே கட்டுப்படுவதன்று. 2007 மார்ச்சில், அறுவடைக் காலத்தில், போர் காரணமாகப் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராய் வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களிற் தஞ்சம் புகுந்தனர். வயலுக்காக ஓடமேறிய பழைய பாதையில் எதிர்த்திசையில் நடந்த பெயர்வு அது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. இறந்தோருள் ஞாயிறு பாடசாலைச் சிறுவரும் இருந்தனர்.

இத்தகைய நாட்களில் ‘விடியும், விளையும்’ என்பது வெறுஞ்சொல்லாகிவிடும். விவிலியமும் இதனை அறியாததன்று. அறுப்புக் காலம் சென்றது, கோடையும் முடிந்தது, நாமோ மீட்கப்படவில்லை என்னும் பொருள்பட எரேமியாவின் புலம்பல் ஒன்று உண்டு. அத்திமரம் துளிர்விடாது, வயல் விளையாது, தொழுவத்தில் மாடில்லாது போயினும் மகிழ்வேன் என்னும் கருத்தை ஆபகூக் தன் விண்ணப்பத்தின் முடிவில் வைக்கின்றார். முன்னது அழுகைக்கு இடமளிக்கின்றது. பின்னது விளைச்சலைச் சாராத நம்பிக்கையைப் பேசுகின்றது. யாக்கோபின் உழவனை மட்டும் எடுத்துரைத்து இவ்விருவரையும் விட்டுச்செல்லும் பிரசங்கம் மட்டக்களப்பின் வரலாற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டாது. வேளாண்மை அறிந்தவர்களுக்கு இது தெரியும். வானம் பொய்த்த ஆண்டுகளை அவர்கள் எண்ணி வைத்திருக்கின்றனர்.

இதனிடையே வயலும் மாறிவிட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களும் நீர் சென்றெட்டிய நிலங்களில் இரண்டாம் போகத்தை இயல்பாக்கின. எருமை மிதித்த களத்துக்கு உழவு இயந்திரமும், அதன்பின் அறுவடை இயந்திரமும் வந்தன. கமநல சேவை நிலையத்தின் படிவங்களிற் பெரும்போகம், சிறுபோகம் என்னும் சொற்களே இடம்பெறுகின்றன. முன்மாரி, பின்மாரி என்பன முதியோர் பேச்சிலும், மழையை நம்பிய மானாவாரி நிலங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் எழுவான்கரைத் தேவாலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலும் வழங்குகின்றன.