மேட்டிசன் மைன்ஸ்: தமிழரின் ‘தான்’ பற்றிய ஆய்வுகள்

மேட்டிசன் மைன்ஸ், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர். சமூக உளவியலுக்கும் உரிய ஒரு கேள்வியைத் தமிழகத்தில் வைத்து ஆராய்ந்தவர். சாதியும் குடும்பமும் சூழ வாழும் ஒருவருக்குத் ‘தான்’ என்ற தனி அடையாளம் உண்டா என்பதே அக்கேள்வி.

‘இல்லை’ என்ற விடையே அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1966இல் வெளியிட்ட நூலில், இந்தியச் சமூகம் படிநிலைக்கே மதிப்பளிக்கிறது, தனிமனிதருக்கு அன்று என வாதிட்டார். துறவி மட்டுமே விதிவிலக்கு. துய்மோன் தமிழகத்தை அறியாதவர் அல்லர். பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்தவர். ஆகவே அவர் கூற்றை எளிதில் தள்ள முடியவில்லை.

மைன்ஸ் முதலில் பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகரை ஆய்ந்து 1972இல் நூல் வெளியிட்டார். அடுத்து கைக்கோளர் எனப்படும் செங்குந்தர் பக்கம் திரும்பினார். நெசவோடு வணிகமும் போர்த்தொழிலும் கண்ட சமூகம் அது. அவர்களது பழைய அமைப்பில் 72 நாடுகள் இருந்தன. அவற்றின் தலைமை காஞ்சிபுரத்துக்கு உரியது. இதனை விரிவாகப் பேசும் நூல் 1984இல் வந்தது. ஊர்தோறும் வழக்குத் தீர்த்த பெரியதனக்காரர்களை அவர் கவனித்தது இங்கேதான். அவர்கள் சாதிக்குள் இருந்தார்கள். ஆயினும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிச் செல்வாக்கும் இருந்தன.

பிறகு அவர் செய்தது எளிய செயல்: மக்களிடமே அவரவர் வாழ்க்கையைச் சொல்லக் கேட்டார். 1988இல் வெளியான கட்டுரையின்படி, அவர்களுக்குச் சொந்த இலக்குகள் இருந்தன. வயது ஏற ஏறத் தம் வாழ்வின் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டனர். விஜயலட்சுமி கௌரிசங்கருடன் 1990இல் எழுதிய கட்டுரையில் காஞ்சி மடத்து ஜெயேந்திரரும் எடுத்துக்காட்டாக வருகிறார். 1994 நூல், சென்னை ஜார்ஜ் டவுனை மையமாகக் கொண்டு இவ்வாதத்தை நிறைவுசெய்தது. தமிழரின் தனித்தன்மை கூட்டத்தை விட்டு விலகுவதில் இல்லை, கூட்டத்துக்குள் அறியப்படுவதில் உள்ளது என்பது அவர் முடிவு.

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே தாங்கியே வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். அவற்றை முப்பது ஆண்டுக்கு மேல் வாசித்த எனக்கு இம்முடிவு பொருத்தமாகவே படுகிறது. ஒரு குறையும் தோன்றுகிறது. பெரிய மனிதர்களை வைத்துத் தனித்தன்மையை அளந்தால், கோர்வைப் புடவை நெய்யும்போது கரைக்கு நாடா தள்ள உடன் அமர்பவரின் ‘தான்’ எந்தக் கணக்கில் சேரும்?