பை (ஆங்கில முன்னிடைச்சொல்)

இக்கட்டுரை ஆங்கில இலக்கணச் சொல் பற்றியது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்கு, பை (கணித மாறிலி) கட்டுரையைப் பார்க்க.

பை என்பது ஆங்கில மொழியில் மிகுதியாகப் பயன்படும் முன்னிடைச்சொற்களுள் ஒன்றாகும். தமிழில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் பின்னே ஒட்டி வருகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் முன்னிடைச்சொல், பெயர்ச்சொல்லுக்கு முன்னே தனித்து நிற்கிறது. பை என்பதற்கு ஈடாக "ஆல்" என்னும் மூன்றாம் வேற்றுமை உருபைக் கற்பிப்பது வழக்கம். செயப்பாட்டு வினைக்கு இது பெரும்பாலும் பொருந்தும். காலக்கெடு, விலை மாற்றம், அளவு ஆகியவற்றைக் கூறும் இடங்களில் பொருந்தாது. ஓர் அறிவிப்பையோ ஒப்பந்தத்தையோ பிழையாகப் புரிந்துகொள்ள நேர்வதும் இவ்விடங்களில்தான்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் "பீ" என வழங்கியது. செருமானிய மொழியின் "பை", இடச்சு மொழியின் "பெய்" ஆகியன இதன் உறவுச் சொற்கள். முதற்பொருள் "அருகில்" என்பதாகும். "பை த ரிவர்" (ஆற்றின் ஓரத்தில்) என்ற தொடரில் அப்பொருள் இன்றும் உள்ளது. செய்பவரைக் குறிக்கும் பொருள் பிற்காலத்தில் வலுப்பெற்றது. 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், இன்று பை வரவேண்டிய பல இடங்களில் "ஆஃப்" வருவதைக் காணலாம்.

டெர்பி, விட்பி, கிரிம்சுபி முதலிய இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் ஈற்றில் உள்ள "பி" இச்சொல் அன்று. அது ஊர் எனப் பொருள்படும் பழைய நோர்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது.

செயப்பாட்டு வினையில்

"கடிதம் ஆசிரியரால் எழுதப்பட்டது" என்பதில் வரும் "ஆல்", ஆங்கிலத்தில் பை ஆகும். "கடிதம் பேனாவால் எழுதப்பட்டது" என்பதில் வரும் "ஆல்", "வித்" ஆகும். தமிழ் இரண்டுக்கும் ஒரே உருபைத் தருகிறது. ஆங்கிலம் செய்பவரையும் கருவியையும் பிரிக்கிறது. வேர்களோடு சாய்ந்த மரம் ஒருவரைக் கொன்றால் பை; மரக்கட்டையை எடுத்து ஒருவர் மற்றொருவரைக் கொன்றால் கட்டைக்கு வித், ஆளுக்குப் பை. எனவே இங்கே முன்னிடைச்சொல்லே அது விபத்தா கொலையா என்பதைச் சொல்லிவிடுகிறது.

படைப்பாளரைக் குறிக்கவும் பை பயன்படுகிறது. "ரெம்பிராண்டின் ஓவியம்" என்னும் தமிழ்த் தொடருக்கு அவர் வரைந்தது என்றும், அவரை வரைந்தது என்றும் பொருள் கொள்ளலாம். ஆங்கிலத்தில் முன்னதற்குப் பை, பின்னதற்கு ஆஃப். ரெம்பிராண்டு தம்மையே பலமுறை வரைந்தவர் ஆதலால், அவருடைய சில ஓவியங்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

காலக்கெடுவில்

தமிழ் பேசுவோர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே. நேரச் சொல்லுக்கு முன் வரும் பை, "-க்குள்" என்ற பொருளைத் தருகிறது. "வரை" என்பதற்கு "அன்டில்" அல்லது "டில்" பயன்படுத்த வேண்டும். "ஐ வில் பி தேர் பை ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்குள் அங்கு வந்துவிடுவேன் என்பது பொருள். பை இருக்கும் இடத்தில் டில் வந்தால், ஐந்து மணி வரை அங்கு இருப்பேன் என்று பொருள் மாறிவிடும். முதலாமவரை ஐந்து மணிக்கு மேல் தேடிச் செல்லலாம்; இரண்டாமவரை ஐந்து மணிக்கு முன்பே சென்று பார்க்க வேண்டும்.

ஒருமுறை நிகழ்ந்து முடியும் வினைகளுக்குப் (முடி, அனுப்பு, செலுத்து) பை ஏற்றது. தொடர்ந்து நடக்கும் வினைகளுக்கு (காத்திரு, தங்கு, உழை) அன்டில் ஏற்றது.

எதிர்மறைத் தொடர்களில் இன்னும் கவனம் தேவை. பொருள் "நாட் அன்டில் ஃப்ரைடே" ஆயத்தமாகும் என்று கடைக்காரர் கூறினால், வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைக்காது, வெள்ளியன்று கிடைக்கும் என்று கொள்ளலாம். "நாட் பை ஃப்ரைடே" என்று கூறினால் வெள்ளிக்குள்ளும் ஆயத்தமாகாது. அன்று கடைக்குச் செல்வது வீண்.

"பை ஜூன் 15" என்ற கெடுவில் பொதுவாக 15 ஆம் நாளும் அடங்கும். "பிஃபோர் ஜூன் 15" என்றால் 14 ஆம் நாளே கடைசி. ஐயத்துக்கு இடமின்றி இருக்கவே இந்திய அலுவலக அறிவிப்புகள் "ஆன் ஆர் பிஃபோர்" என எழுதுகின்றன. நீளமானது எனினும் இதுவே பாதுகாப்பான வழக்கு.

அளவிலும் மாற்றத்திலும்

40 ரூபாயாக இருந்த விலை "பை 60" உயர்ந்தால் புதிய விலை 100 ரூபாய். "டு 60" உயர்ந்தால் புதிய விலை 60 ரூபாய். தமிழில் முன்னது "60 ரூபாய் உயர்ந்தது", பின்னது "60 ரூபாயாக உயர்ந்தது". பை இங்கே எந்த உருபாகவும் மாறாமல் மறைந்துவிடுகிறது. மொழிபெயர்க்கும்போது "ஆக" என்ற இரண்டு எழுத்துகள் தவறான இடத்தில் சேர்ந்தால், செய்தியின் எண் முழுவதும் பிழையாகிவிடும்.

நீள அகலத்தைக் கூறும்போது பை பெருக்கற்குறியின் இடத்தில் நிற்கிறது. ஏ4 தாளின் அளவு 210 பை 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் "டூ பை ஃபோர்" எனப்படும் மரச்சட்டம் பெயரளவில் 2 அங்குலமும் 4 அங்குலமும் கொண்டது. இழைத்தபின் உண்மை அளவு 1.5 பை 3.5 அங்குலம்.

இந்திய ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. இங்கு "டுவெல்வ் பை த்ரீ" என்பது பின்னமாக, அதாவது 4 ஆக, வாசிக்கப்படுகிறது. "டிவைடட் பை" என்பதன் சுருக்கமே இது. 12/3 என்ற கதவிலக்கத்தையும் அவ்வாறே படிக்கின்றனர். பெங்களூரு உணவகங்களில் ஒரு காப்பியை இரு குவளைகளில் பகிர்ந்து தருவதற்கு "பை டூ" என்று பெயர். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பின்னத்தைப் படிக்க "ஓவர்" பயன்படுகிறது. அங்கே பொறியியல் மாணவர் ஒருவர் "டுவெல்வ் பை த்ரீ" என்றால், கேட்பவர் 12 வரிசையும் 3 நிரலும் கொண்ட அணியையே எண்ணுவார்.

நிலைத்த தொடர்கள்

பயண வழியைக் கூறும் பை, சுட்டிடைச்சொல் ஏற்பதில்லை: "பை பஸ்", "பை டிரெயின்". ஊர்தி யாருடையது எனக் கூறினால் "இன் மை கார்" என மாறும். நடந்து செல்வதற்கு "ஆன் ஃபுட்" என்பதே பெருவழக்கு.

"பை ஹார்ட்" என்றால் மனப்பாடமாக என்று பொருள். இது வினைச்சொல் அன்று. "லேர்ன்" போன்ற ஒரு வினை முன்னே வரவேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இத்தொடரே வினையாகி, "பைஹார்ட் பண்ணு" எனப் பேச்சுத் தமிழிலும் கலந்துவிட்டது.