மூன்று குவியல்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி வைத்தால் குறைந்தது நாலு கட்டபொம்மன் வருவான். அட்டைக் கத்தி, மையால் வரைந்த மீசை, 1959இல் வந்த படத்தின் வரி வசனம். பாஞ்சாலங்குறிச்சி கிட்டத்தில்தானே இருக்கிறது, வரட்டும். ஆனால் அந்தப் படம் ஓடிய வருடத்தில் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேடத்தில் ஒரு பிள்ளைகூட மேடையேறி நான் பார்த்ததில்லை.

வரலாற்று வாத்தியாராக ஓய்வு பெற்றதும் பள்ளிப் பிள்ளைகளை அந்த வேடத்தில் இறக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். 1955இல் தொடங்கி 1961இல் முடிந்த கடைசிச் சலாப வரிசையில் என் அப்பா தோணியில் கயிறு பிடித்தவர். நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். ஆக, எனக்கும் இது கேள்விக்கதைதான்.

கயிறு, கல், வலைப்பை, ஒரு சாக்குச் சிப்பி ஓடு. இவ்வளவுதான் என் சாமான். மைதானத்தில் சுண்ணாம்பால் தோணி வரைவேன். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவன் மூழ்க, மற்றவன் மேலே மூச்சு வாங்குவான். கல்லில் கால் வைத்து எட்டுப் பத்துப் பாகம் இறங்கியதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். கீழே இருப்பவன் சிப்பியை வாரிப் பையில் போட்டுக் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் கயிறு பிடிப்பவன் அந்தச் சுண்டலைத் தவறவிடக் கூடாது. அதனால்தான் மச்சானைக் கயிறு பிடிக்க வைப்பார்களாம். தங்கை தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பான் என்று. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிக்கும். பிறகு எல்லோரும் மூச்சடக்கி எண்ணுவோம். முப்பதுக்குள் பாதிப் பேர் வாயைத் திறந்துவிடுவார்கள். குளிப்பவர் ஒரு நிமிடம் கீழே இருந்து, மேலே வந்து, மறுபடி இறங்குவார். நாள் முழுக்க இதே வேலை.

நடுவே வரலாறும் சொல்வேன். கொற்கையில் பாண்டியனுக்காகக் குளித்தார்கள். 1530களில் இந்தக் கரைப் பரதவர் போர்த்துக்கீசியரின் துணை தேடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1658இல் டச்சுக்காரன் வந்தான். 1825இல் தூத்துக்குடி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கொடிகள் மாறின. கயிறும் கல்லும் மாறவில்லை.

கடைசிக் காட்சியான பங்கு பிரிப்புதான் முக்கியம். எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், நூற்றிருபது வருடங்களுக்கு முன் நடந்த சலாபத்துக்கு எங்கள் கரை ஆட்களும் போவார்கள். கரையேறியதும் குளித்தவர்களே தங்கள் சிப்பியை மூன்று சமக் குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்த இரண்டு சர்க்காருக்கு என்று அதிகாரி கை காட்டுவார். மிஞ்சிய ஒன்றுதான் குளித்தவர் பங்கு. எது மிஞ்சும் என்று தெரியாததால் எவனும் ஒரு குவியலைப் பெருக்கி வைக்க முடியாது. சர்க்கார் பங்கை உடைக்காமலே, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவன் அதிர்ஷ்டம்.

போன மாதம் ஒரு பள்ளியில், அட்டைத் தொப்பி வைத்த துரைப் பையன் பெரிதாகத் தெரிந்த இரண்டு குவியலைக் காட்டினான். குளித்த பையன் பேசாமல் உட்கார்ந்து மூன்றையும் ஒவ்வொன்றாக எண்ணினான். மூன்றிலும் நாற்பது. ஓர் ஓடுகூடப் பிசகவில்லை.

“பங்கு சரியாத்தான சார் இருக்கு?” என்றான் துரை.

“பிரிச்சது சரிதாம்ல,” என்றான் இவன். “நீ எங்கல முங்குன?”

வரி வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் பரிசு கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. கயிற்றைச் சுருட்டி அவன் தோளில் மாட்டி, வண்டிவரை தூக்கி வரச் சொன்னேன்.